மூண்டில ஒரு பங்கு வாக்குக்கு அஞ்சில மூண்டு சீட் எப்பிடி வந்தது

கத்தார்ல வேலை செய்யிற களுவாஞ்சிகுடித் தம்பி ஒராள் கேட்டது இதுதான்: "அண்ணன், 2024 நவம்பர்ல நாடு முழுக்க திசைகாட்டி, எங்கட மட்டக்களப்புல மட்டும் வீடு. சரி சந்தோசம். ஆனா வீடு எடுத்தது 34 வீதம் கூட இல்ல, சீட் எண்டா அஞ்சில மூண்டு. படகுக்கு 31 ஆயிரம் வாக்கு விழுந்தும் ஒண்டுமில்ல. இதுல ஏதும் விளையாட்டு நடந்திருக்கா? அம்பாறையில ஏன் ஒவ்வொரு முறையும் ஒரு தமிழ் சீட் வருமா வராதா எண்டு நெஞ்சைப் பிடிச்சிக்கொண்டு இருக்கிற? மாகாண சபை வந்தா இதே மாதிரி வருமா?"

(எங்கட ஆக்கள் கட்சியைச் சின்னத்தாலதான் சொல்ற: திசைகாட்டி எண்டா அனுரட தேசிய மக்கள் சக்தி, வீடு எண்டா தமிழரசுக் கட்சி, படகு எண்டா பிள்ளையான்ட தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சி.) தம்பி, விளையாட்டு ஒண்டும் நடக்கல்ல. கணக்கு அப்பிடித்தான். எங்கட ஆக்கள் தேர்தல் முடிஞ்சா ரெண்டு கிழமைக்கு "மக்கள் தீர்ப்பு", "மண்ணின் குரல்" எண்டு கதைச்சிக்கொண்டு திரிவாங்களே தவிர, சீட் பிரிக்கிற கணக்கை எடுத்து வச்சி ஒருக்காக் கூட்டிக் கழிச்சிப் பாக்கிற ஆள் குறைவு. நான் தேர்தல் டியூட்டி செஞ்ச ஆள், எண்ணுற இடத்துலயும் நிண்டிருக்கிறன், அதால கொஞ்சம் விளக்கமாவே சொல்றன், நேரம் இருக்கேக்க வாசிங்க, பக்கத்துல போன் கல்குலேட்டரையும் வச்சிக்கொள்ளுங்க.

முதல்ல சட்டம். 1978 அரசியலமைப்புல 99ஆம் உறுப்புரையிலதான் இந்த முறை இருக்கு. மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அஞ்சு சீட். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு எண்டு மூண்டு தொகுதி இருந்தாலும் அது எண்ணுறதுக்கும் ரிசல்ட் வாசிக்கிறதுக்கும்தான், தொகுதி வெண்டா எம்.பி. எண்டு இப்ப ஒண்டும் இல்ல, மூண்டையும் ஒண்டாக் கூட்டி மாவட்டமாத்தான் பாக்கிற. மாவட்டத்துல செல்லுபடியான வாக்குல 5 வீதத்துக்குக் கீழ எடுத்த கட்சி, சுயேச்சைக் குழு எல்லாத்தையும் முதல்ல கழிச்சிப் போடுவாங்க. மறுகா மிச்சம் இருக்கிற கட்சிகள்ல ஆர் முதலாவதோ அவங்களுக்கு ஒரு சீட் சும்மா. அதுதான் போனஸ். களத்துல நெல்லைப் பங்கு பிரிக்க முந்திப் போடியாருக்கெண்டு (வயல் சொந்தக்காரர்) ஒரு மூட்டையைத் தனியா எடுத்து வைக்கிற மாதிரி, அது பிரிக்கிற கணக்குக்குள்ள வராது. அந்த ஒண்டைக் கழிச்சா மிச்சம் நாலு. 5 வீதம் தாண்டின கட்சிகள்ட மொத்த வாக்கை அந்த நாலால வகுத்தா வாறதுதான் ஒரு சீட்டுட விலை. ஒரு கட்சி எடுத்த வாக்குக்குள்ள அந்த விலை எத்தனை தரம் முழுசாப் போகுதோ அத்தனை சீட். அப்பவும் சீட் மிஞ்சும், அதை ஆருக்கு மிச்ச வாக்கு கூடவோ அந்த வரிசையில குடுக்கிற. அவ்வளவுதான், இதுல மாவட்ட அரசாங்க அதிபருக்கோ அவர்ட கச்சேரிக்கோ (அலுவலகம்) தங்கட விருப்பத்துக்கு ஒண்டும் செய்ய ஏலா.

இப்ப 2024ஐ எடுப்பம். செல்லுபடியான வாக்கு 287,053. 5 வீதம் எண்டா 14,353 அளவு. அதைத் தாண்டினது அஞ்சே அஞ்சு கட்சிதான்: வீடு 96,975, திசைகாட்டி 55,498, மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) 40,139, படகு 31,286, டெலிபோன் (சஜித்ட ஐக்கிய மக்கள் சக்தி) 22,570. அஞ்சையும் கூட்டினா 246,468. நாலால வகுத்தா 61,617. இப்ப பாருங்க, இந்த விலையை முழுசாக் குடுக்க ஏலுமா இருந்தது வீட்டுக்கு மட்டும்தான், அதுவும் ஒரு தரம். அதோட வீட்டுக்கு போனஸ் ஒண்டு, முழுசா ஒண்டு, ரெண்டாச்சி. மிச்சமா 35,358 வாக்கு வீட்டுட கையில இன்னும் இருக்கு. சீட் மூண்டு மிச்சம். வரிசையில திசைகாட்டி 55,498 எண்டு ஒண்டை எடுத்திற்று, மரம் 40,139 எண்டு ஒண்டை எடுத்திற்று, மூண்டாவது சீட்டுக்கு வீட்டுட மிச்சம் 35,358உம் படகுட முழு வாக்கு 31,286உம் முட்டுப்படுது. நாலாயிரத்துச் சொச்ச வாக்கால வீடு. அதுதான் உங்கட மூண்டாவது சீட்.

அதாவது தம்பி, வீட்டுல இருந்து ஒரு ரெண்டாயிரத்து நாப்பது பேர் மனசு மாறிப் படகுக்குப் புள்ளடி போட்டிருந்தா, வீடு 2, திசைகாட்டி 1, மரம் 1, படகு 1 எண்டு ரிசல்ட் வந்திருக்கும். அப்ப இந்த "மட்டக்களப்பு மட்டும் தனிச்சி நிண்டது" எண்ட கதையே வேற மாதிரிப் போயிருக்கும், பிள்ளையான் பாராளுமன்றத்துல இருந்திருப்பார், வீட்டுச் சின்னத்துல மூண்டாவதா வந்த டாக்டர் ஶ்ரீநாத் எம்.பி. ஆகியிருக்க மாட்டார். ரெண்டாயிரம் எண்டுறது ஒரு பெரிய கிராமத்துட வாக்கு, கூடிப் போனா ரெண்டு கிராமம். இவ்வளவு பெரிய கதையெல்லாம் அவ்வளவு சின்ன இடத்துலதான் தொங்கிக்கொண்டு இருந்தது.

இன்னொரு விசயமும் சொல்லணும், இதை ஆரும் கதைக்கிறதில்ல. 2015 ஓகஸ்ட்ல நடந்த எலக்சன்ல வீடு எங்கட மாவட்டத்துல 127,185 வாக்கு எடுத்தது, 53 வீதத்துக்கு மேல. அண்டைக்கும் சீட் மூண்டுதான். 2024ல 30 ஆயிரம் வாக்கு குறைவு, வீதம் 34க்குக் கீழ, சீட் அதே மூண்டு. பாதிக்கு மேல எடுத்தவனுக்கும் மூண்டு, மூண்டில ஒண்டு எடுத்தவனுக்கும் மூண்டு. 2015 கணக்கைப் போட்டுப் பாருங்க விளங்கும்: வீடு 127,185, மரம் 38,477, யானை (ஐக்கிய தேசியக் கட்சி) 32,359, வெத்திலை (மஹிந்த ஆக்கள் கேட்ட ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 32,232, கூட்டினா 230,253, நாலால வகுத்தா 57,563. வீட்டுக்கு முழுசா ரெண்டு, போனஸ் ஒண்டு, கையில மிஞ்சினது வெறும் 12 ஆயிரம். மிச்சம் ரெண்டு சீட்டையும் மரமும் யானையும் எடுத்திற்றாங்க. அப்ப 2015ல வீடு கஷ்டப்பட்டுச் சேத்த வாக்குல 12 ஆயிரம் ஒண்டுக்கும் உதவாமப் போயிற்று, 2024ல மிஞ்சின 35 ஆயிரம் ஒரு முழுச் சீட்டை வாங்கித் தந்திற்று. இந்த முறையில வாக்கு எவ்வளவு எடுத்தம் எண்டுறதை விட மிச்சம் எந்த இடத்துல வந்து நிக்குது எண்டுறதுதான் சில நேரம் பெரிசு.

அந்த 2015 ரிசல்ட்ல யானைக்கும் வெத்திலைக்கும் இடையில எவ்வளவு எண்டு பாத்தீங்களா? 127 வாக்கு. மாவட்டம் முழுக்க 127. அதால யானையில கேட்ட அமீர் அலி உள்ள, வெத்திலையில கேட்ட காத்தான்குடி ஹிஸ்புல்லாஹ் வெளிய. மறுகா ஹிஸ்புல்லாஹ்வுக்குத் தேசியப்பட்டியல்ல (கட்சி தானே ஆளைப் போடுற இடம்) இடம் கிடைச்சது வேற கதை. அதே ஹிஸ்புல்லாஹ் 2020ல இன்னொரு கட்சியில தனியாக் கேட்டு 31 ஆயிரம் அளவு எடுத்தும் விட்டுப் போயிற்று, மொட்டு (ராஜபக்சட பொதுஜன பெரமுன) 33,424 எண்டு ரெண்டாயிரத்துச் சொச்சத்தால முந்தி வியாழேந்திரன் போனார். 2024ல மரத்துல வந்து நிண்டு 32,410 விருப்பு வாக்கோட (கட்சிக்குப் போட்டிற்று அந்தக் கட்சி ஆள்ட நம்பருக்கும் போடுறது) வெண்டார். இந்த மிச்ச வாக்குக் கணக்கைப் பட்டுப் படிச்ச ஆள் இந்த மாவட்டத்துல ஆரெண்டு கேட்டா நான் காத்தான்குடியத்தான் காட்டுவன். முஸ்லிம் ஆக்கள்ட ஊர்கள்ல, காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எண்டு மூண்டு இடத்துலயும் மூண்டு தலை இருக்கு, மூண்டும் மூண்டு சின்னத்துல பிரிஞ்சா ஒண்டு வாறதும் பெரும்பாடு, சரியாச் சேர்ந்தா ரெண்டு. எலக்சனுக்கு முந்தி ஆறு மாசம் அவங்க அந்தப் பேரம்தான் பேசுவாங்க, எங்கட ஆக்கள் அந்த நேரத்துல போஸ்டர் ஒட்டிக்கொண்டு நிப்பாங்க.

சரி, திசைகாட்டி ஏன் இங்க மட்டும் முதலாவதா வரல்ல எண்ட கேள்விக்கு வாறன். 22 மாவட்டத்துல 21 அவங்களுக்கு, 225ல 159 சீட். யாழ்ப்பாணத்துலயே முதலாவதா வந்தாங்க. எல்லாரும் உடனே யாழ்ப்பாணத்தான் திசைகாட்டிக்கு மாறிற்றான், மட்டக்களப்பான் மாறல்ல எண்டு கதைக்கத் தொடங்கிற்றாங்க. நம்பரைப் பாருங்க. யாழ்ப்பாண மாவட்டத்துல திசைகாட்டிக்கு 80,830, அதாவது 25 வீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. வீட்டுக்கு 63,327. நாலில ஒரு பங்கு வாக்குக்கு ஆறில மூண்டு சீட் திசைகாட்டிக்குக் கிடைச்சது, வீட்டுக்கு ஒண்டு. ஏனெண்டா அங்க மிச்ச வாக்கு சைக்கிள், சங்கு, வீணை, டாக்டர் அர்ச்சுனாட ஊசி, இன்னும் எத்தனையோ எண்டு சிதறிப் போச்சி. எங்கட மாவட்டத்துல வீட்டுக்கு எது உதவிச்சோ யாழ்ப்பாணத்துல திசைகாட்டிக்கும் அதுதான் உதவிச்சு. முதலாவதா வந்தவனுக்கு போனஸ், பின்னால நிண்டவன் எல்லாம் துண்டு துண்டா. யாழ்ப்பாணத்துல 25 வீதத்தோட வெண்டவன் "தமிழன் எங்களை ஏத்துக்கொண்டான்" எண்டான், மட்டக்களப்புல 34 வீதத்தோட வெண்டவன் "தமிழ்த் தேசியம் காப்பாத்தப்பட்டது" எண்டான். ரெண்டு பேரும் கொஞ்சம் அடக்கி வாசிச்சிருக்கலாம்.

அதுக்காக வீடு சும்மா வெண்டது எண்டு நான் சொல்லல்ல. முதலாவது இடத்தை எடுத்தது உண்மையான வேலைதான். 2020ல வீட்டுக்கு 79,460, படகுக்கு 67,692, இடைவெளி 12 ஆயிரத்துக்கும் குறைவு. அண்டைக்குப் படகு முந்தியிருந்தா போனஸ் படகுக்கு, சீட் ரெண்டும் படகுக்கு, வீட்டுக்கு ஒண்டுதான். பிள்ளையான் அந்த நேரம் விளக்கமறியல்ல, பிரச்சாரத்துக்கு வெளிய வரவே இல்ல, அப்பிடி இருந்தும் 54,198 விருப்பு வாக்கு, மாவட்டத்துலயே ஆகக் கூட. சிறையில இருக்கிற ஆளுக்கு ஏன் இவ்வளவு எண்டு கொழும்பு ஆக்கள் கேட்டாங்க. அவர் கிழக்கு மாகாண முதலமைச்சரா இருந்த காலத்துல, 2008ல இருந்து 2012 வரைக்கும், ரோட்டு, கட்டிடம், வேலை எண்டு கண்டவங்க படுவான்கரையில (வாவிக்கு மேற்குப் பக்கத்து ஊர்கள்) நிறையப் பேர். அரசாங்கத்தோட நிண்டாத்தான் எங்கட ஊருக்கு ஏதும் வரும் எண்ட எண்ணம் எங்கட மாவட்டத்துல புதுசா வந்ததுமில்ல. செல்லையா இராசதுரையே 1977ல கூட்டணியில வெண்டு போயி, ரெண்டு வருசத்துல யானைப் பக்கம் தாவினவர்தானே. 2015ல வீட்டுல வெண்ட வியாழேந்திரன் மைத்திரி மஹிந்தவைப் பிரதமராக்கின 2018 குழப்பத்துல மஹிந்தட பக்கம் போனார். அதால வீட்டுக்கு எப்பவும் இங்க ரெண்டு பயம் இருக்கு, வாக்கு விழாமப் போறது ஒண்டு, வெண்டவன் தாவுறது மற்றது.

2020க்குப் பிறகு நாலு வருசத்துல நடந்தது என்னெண்டா, படகு அரசாங்கத்துக்குள்ள இருந்திற்று. 2021, 22ல உரம் இல்ல, வெள்ளாம படுத்திற்று, டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, கடல் தொழில் ஆக்கள் போட்டை இழுத்து வச்சிற்று இருந்தாங்க. அந்த அரசாங்கத்தோட நிண்டவனெல்லாம் நாடு முழுக்க அடி வாங்கினான், இங்கயும் வாங்கினான். படகுட வாக்கு 67 ஆயிரத்துல இருந்து 31 ஆயிரத்துக்கு விழுந்தது, அரைவாசிக்கு மேல போயிற்று. மறுபக்கம் வீட்டுட சாணக்கியன். அவரைப் பத்தி எனக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கு, 2015ல வெத்திலையில கேட்ட ஆள் அவர், அதையும் ஆக்கள் மறக்கல்ல. ஆனா பாராளுமன்றத்துல மூண்டு பாசையிலயும் எழும்பி நிண்டு கதைச்சது, 2021 பெப்ரவரியில பொத்துவில்ல இருந்து பொலிகண்டி வரைக்கும் நடந்த ஊர்வலத்துல போனது, மயிலத்தமடு மாதவனை மேய்ச்சல் தரைப் பிரச்சினையில பண்ணையாளர் சித்தாண்டியில ரோட்டோரம் குந்தினபோது அதை விடாம எடுத்துக் கதைச்சது, இதெல்லாம் பொடியன்மார்ட போன்ல வீடியோவா ஓடினது. பட்டிருப்புப் பக்கம் அவர்ட அப்பப்பா, பழைய எம்.பி. இராசமாணிக்கம்ட பேரும் இன்னும் வேலை செய்யுது. 65,458 விருப்பு வாக்கு. வீட்டுக்குப் போட்டவங்கள்ல மூண்டுல ரெண்டு பேர் அவர்ட நம்பருக்கும் போட்டிருக்கிறாங்க. அடுத்த ஶ்ரீநேசன் 22,773, ஶ்ரீநாத் 21,202. அந்த இடைவெளியைப் பாருங்க, இது கட்சிக்கு விழுந்த வாக்கா ஆளுக்கு விழுந்த வாக்கா எண்டு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

திசைகாட்டிக்கு இங்க இருந்த குறை முகம். 2024 செப்டம்பர் ஜனாதிபதி எலக்சன்ல எங்கட மாவட்டத்துல சஜித் முதலாவது, 139 ஆயிரம், ரணில் 91 ஆயிரம், அனுர 38 ஆயிரத்துச் சொச்சம், சங்குல கேட்ட எங்கட ஊர் அரியநேத்திரன் 36 ஆயிரத்துச் சொச்சம். ரெண்டு மாசம் முடிய முந்தி திசைகாட்டி 55 ஆயிரம். அது சின்ன ஏத்தமில்ல. மற்ற இடங்கள்ல அலை எண்டு சொன்னது இங்கயும் அடிச்சது, ஆனா ஊருக்குள்ள "இவர் எங்கட ஆள்" எண்டு சொல்ல ஒரு முகம் வளர நேரம் காணல்ல. வெண்ட கந்தசாமி பிரபுக்கு 14,856 விருப்பு வாக்குதான். கட்சிக்கு 55 ஆயிரம் போட்ட ஆக்கள்ல கனபேருக்கு ஆர் கேக்கிற எண்டே தெரியாது, சின்னத்துக்குப் போட்டிற்று வந்திற்றாங்க. இதை நான் குறையாச் சொல்லல்ல, அடுத்த முறை முகமும் வந்தா வீட்டுக்கு முதலாவது இடம் சும்மா கிடைக்காது எண்டுறதுக்காகச் சொல்றன். இன்னொண்டு, செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில செல்லுபடி வாக்கு 30 ஆயிரம் அளவு குறைஞ்சிது. அந்த 30 ஆயிரம் ஆர் எண்டு ஆரும் தேடல்ல.

நிராகரிச்ச வாக்கைப் பத்தியும் ஒரு வரி. 15 ஆயிரம் அளவு சீட்டு கழிஞ்சி போச்சி. மூண்டாவது சீட் தீர்மானமானது நாலாயிரத்துல எண்டு மேல சொன்னனே, அதோட ஒப்பிட்டுப் பாருங்க. எண்ணுற மேசையில நிண்டா விளங்கும், நீட்டு வாக்குச்சீட்டு, முழுக்கச் சின்னம், கண் தெரியாத அப்பம்மாமார் ரெண்டு இடத்துல புள்ளடி போடுறாங்க, சிலர் ஜனாதிபதி எலக்சன் ஞாபகத்துல கட்சிகளுக்கு 1, 2, 3 எண்டு போடுறாங்க, சிலர் கட்சிக்குப் போடாம கீழ நம்பருக்கு மட்டும் போடுறாங்க. கட்சிக்குப் புள்ளடி இல்லாட்டி விருப்பு வாக்கு எண்ணவே மாட்டாங்க. கூட்டத்துக்கு லட்சம் லட்சமாச் செலவழிக்கிற கட்சிகள், வீடு வீடாப் போயி எப்பிடிப் போடுற எண்டு காட்டிக் குடுத்தா அதுவே ஒரு சீட்டுக்குக் காணும்.

இப்ப அம்பாறை. அங்க மாவட்டத்துக்குச் சட்டப் பேர் திகாமடுல்லை, சீட் ஏழு, அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் எண்டு நாலு தொகுதி. தமிழ் ஆக்கள் கல்முனை, காரைதீவு, நாவிதன்வெளி, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில், பொத்துவில் எண்டு நீட்டுக்குச் சிதறி இருக்கிறாங்க, மொத்தமா ஒரு சீட்டுக்குக் காணும், ரெண்டா உடைஞ்சா ஒண்டுக்கும் காணாது. இதுக்கு 2020ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது. அண்டைக்கு வீட்டுக்கு 25 ஆயிரத்துச் சொச்சம். கருணா அம்மான்ட தமிழர் மகாசபைக்கு 29 ஆயிரத்துச் சொச்சம். ரெண்டும் சேர்ந்தா 54 ஆயிரத்துக்கு மேல. ரெண்டுக்கும் சீட் இல்ல. கடைசி சீட்டை எடுத்தது குதிரையில (தேசிய காங்கிரஸ்) கேட்ட அதாவுல்லாஹ், 38,911 வாக்கோட. ஒண்டா நிண்டிருந்தா தமிழ் சீட் சந்தேகமே இல்லாம வந்திருக்கும், அதாவுல்லாஹ் தோத்திருப்பார். மறுகா வீட்டுக்குக் கிடைச்ச ஒரேயொரு தேசியப்பட்டியல் இடத்தை நாவிதன்வெளிக் கலையரசனுக்குக் குடுத்து அம்பாறையைச் சமாளிச்சாங்க. அது வடக்குல பெரிய சண்டையாப் போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2015ல வீட்டுக்கு அங்க 45 ஆயிரம், கோடீஸ்வரன் எண்டவர் எம்.பி.யாப் போனார். 2024ல 33 ஆயிரத்துச் சொச்சம்தான், 2015ஐ விட 12 ஆயிரம் அளவு குறைவு, ஆனாலும் கோடீஸ்வரன் திரும்பப் போனார், ஏனெண்டா இந்த முறை குறுக்க நிண்டு 29 ஆயிரம் உடைக்க ஆரும் இல்ல. திசைகாட்டி 4, மரம் 1, மயில் (ரிஷாட்ட மக்கள் காங்கிரஸ்) 1, வீடு 1. பாத்தீங்களா, வாக்கு கூடி வெல்றதும் இல்ல, குறைஞ்சி தோக்கிறதும் இல்ல, பக்கத்துல ஆர் நிக்கிறான் எண்டுறதுதான். இதை நான் அக்கரைப்பற்றுல ஒரு கலியாண வீட்டுல சொல்லப் போயி, "அப்ப எங்கட ஆக்கள் கொள்கைக்குப் போடல்லயா" எண்டு ஒரு மாமா என்னோட கோவிச்சிற்றார். கொள்கைக்குத்தான் போட்டாங்க மாமா, ரெண்டு கொள்கைக்குப் போட்டாங்க, அதான் பிரச்சினை.

இந்த 5 வீதம் எண்ட வேலியும் முந்தி இப்பிடி இருக்கல்ல. 1978ல எழுதினபோது எட்டில ஒண்டு, அதாவது பன்னிரண்டரை வீதம். 1988 கடைசியில 15ஆம் திருத்தத்துல 5 ஆக்கினாங்க, அதுக்குப் பின்னால நிண்டவர் எங்கட கிழக்குட முஸ்லிம் காங்கிரஸ் அஷ்ரப், பிரேமதாசவோட பேசி வாங்கினது. பழைய வேலி இருந்திருந்தா 2024ல மட்டக்களப்புல படகும் டெலிபோனும் ஆரம்பத்துலயே கழிஞ்சிருக்கும், 2020 அம்பாறையில மயிலும் இல்ல குதிரையும் இல்ல, பெரிய ரெண்டு கட்சியும் ஏழையும் பிரிச்சிருக்கும். சின்னக் கட்சி, சிறுபான்மைக் கட்சி எல்லாம் இண்டைக்குப் பாராளுமன்றத்துல நிக்கிறதுக்கு இந்த ஒரு திருத்தம் எவ்வளவு காரணம் எண்டு எங்கட தமிழ்த் தலைவர்மார் ஒரு மேடையிலயாவது சொல்லி நான் கேக்கல்ல.

கடைசியா மாகாண சபை. கிழக்குல கடைசி எலக்சன் 2012 செப்டம்பர் 8. மொத்தம் 37 சீட், மட்டக்களப்பு 11, அம்பாறை 14, திருகோணமலை 10, அதோட போனஸ் 2. இங்கதான் வித்தியாசம்: அந்த ரெண்டு போனஸும் முழு மாகாணத்துலயும் முதலாவதா வாற கட்சிக்கு, மாவட்டத்துக்கு மாவட்டம் இல்ல. 2012ல எங்கட மாவட்டத்துல வீடு 6, வெத்திலை 4, மரம் 1. மாகாணம் முழுக்க வெத்திலை 14, வீடு 11, மரம் 7, யானை 4, விமல் வீரவன்சட கட்சி 1. வீடும் மரமும் சேர்ந்தா 18, பெரும்பான்மைக்கு ஒண்டு குறைவு, யானையையும் சேத்தா ஆட்சி அமைக்கலாம், சம்பந்தன் ஐயா முதலமைச்சர் பதவியையே மரத்துக்குத் தாறம் எண்டு கேட்டுப் பாத்தார், ஆனா மரம் வெத்திலையோட போய் நஜீப் ஏ மஜீத் முதலமைச்சர். 2015ல கொழும்புல ஆட்சி மாறினதும் மரத்துட நசீர் அஹமட் முதலமைச்சர், வீடும் உள்ள போனது. எலக்சன்ல வாற நம்பர் பாதிதான், மிச்சம் பாதி எலக்சனுக்கு மறுநாள் காலையில இருந்து நடக்கிறது.

அப்ப 2024 நவம்பர் வாக்கை அப்பிடியே மாகாண சபைக் கணக்குல போட்டா? மாவட்ட போனஸ் இல்ல, சீட் 11, ஒரு சீட்டுட விலை மலிவு. என்ட கணக்குல வீட்டுக்கு 11ல நாலுதான் வருது. பாராளுமன்றத்துல அஞ்சில மூண்டு எடுத்த அதே வாக்கு, மாகாண சபையில 11ல நாலு. படகுக்கும் டெலிபோனுக்கும் அங்க இடம் கிடைக்கும், மரத்துக்கு ரெண்டு. மாகாணம் முழுக்கப் போடுற கணக்குல அம்பாறைச் சிங்கள ஊர்களும் சேர்றதால முதலாவது இடமும் ரெண்டு போனஸும் திசைகாட்டிக்குத்தான் போகும். அதால நவம்பர்ல மூண்டு சீட் எடுத்த சந்தோசத்துல "அடுத்த முதலமைச்சர் எங்கட ஆள்" எண்டு இப்பவே பேர் சொல்ற ஆக்கள்ட கையில ஒருக்கா இந்தக் கல்குலேட்டரைக் குடுக்கணும்.

அதுவும் எலக்சன் வந்தாத்தானே. கிழக்கு மாகாண சபைட காலம் 2017 செப்டம்பரோட முடிஞ்சிது, அண்டையில இருந்து ஆளுநர்தான் நடத்துறார். அந்த வருசமே எலக்சன் முறையை மாத்திக் கலப்பு முறை எண்டு ஒரு சட்டத்தை நிறைவேத்தினாங்க, பழைய முறை போயிற்று. புது முறைக்கு எல்லை பிரிக்கணும், எல்லை பிரிச்ச அறிக்கையை 2018 ஓகஸ்ட்ல பாராளுமன்றத்துல வாக்கெடுப்புக்கு விட்டபோது ஒருத்தர் கூட ஆதரவாப் போடல்ல, கொண்டு வந்த அமைச்சரே எதிர்த்துப் போட்டார். பழைய சட்டமும் இல்ல, புதுச் சட்டத்துக்கு எல்லையும் இல்ல, நடுவுல எலக்சன் தொங்குது. பாராளுமன்றத்துல சாதாரணப் பெரும்பான்மையால ஒரு சின்னத் திருத்தம் செஞ்சா பழைய முறையில வைக்கலாம், மூண்டில ரெண்டுக்கு மேல கையில வச்சிருக்கிற அரசாங்கத்துக்கு அது ஒரு நாள் வேலை. சாணக்கியனே தனிநபர் பிரேரணை ஒண்டு குடுத்தவர் இதுக்கெண்டு. கலப்பு முறையில வந்தா நான் மேல போட்ட கணக்கெல்லாம் மாறும், தொகுதி எல்லை எங்க போகுது எண்டு பாத்துத்தான் சொல்லலாம், அதுவரைக்கும் நாலு எண்டு வச்சிக்கொள்ளுங்க தம்பி.